மூஞ்சி பார்த்து வாங்கிய டயர்

என் வீட்டுக்காரர் வாழ்நாள் முழுக்கப் பல்செட் செய்து பிழைத்தவர். பல் டாக்டர் அளவெடுத்து அனுப்புவார். இவர் பின்னறையில் உட்கார்ந்து மெழுகை உருக்கி, அச்சில் ஊற்றி, ராவி, தேய்த்து, அந்த வாய்க்கென்றே ஒரு பல்வரிசையைச் செய்து கொடுப்பார். வேலையில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. தெருவில் ஏதாவது பெரியவர் சிரித்துவிட்டால் போதும், என் காது பக்கம் குனிந்து, "அது நான் செஞ்ச பல்லு" என்பார். அப்புறம் அந்த ஆளின் முகத்தைப் பார்க்கவே எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

எங்கள் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது ஒரு பழைய சின்னக் கார் வாங்கினார். ரெண்டே கதவு. பின்சீட்டில் பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் தாடையை இடிக்கும். மகள் அதில் நின்றுகொண்டே போவாள், பாடிக்கொண்டே வருவாள். அவளுக்கு அந்தக் கார் என்றால் உயிர். அதுவரைக்கும் எனக்கும் அந்த வண்டி மேல் பகை ஒன்றும் இல்லை.

ஓய்வு பெற்றதும்தான் பைத்தியம் முற்றியது. ஞாயிற்றுக்கிழமை காலையில், மூடிக் கிடக்கும் ஒரு சினிமா கொட்டகையின் வாசலில், இதே மாதிரி சின்னக் கார் வைத்திருக்கும் ஆம்பளைகள் கூடுவார்கள். எல்லாம் தொப்பையும் வழுக்கையுமாய், பேரன் பேத்தி எடுத்த ஜென்மங்கள். ஒருத்தர் வண்டிக்கு முன்னால் இன்னொருத்தர் குந்தி உட்கார்ந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இவருக்கு அங்கே பேர் பல்செட். இன்னொருத்தர் பேர் மோப்பம். அவர் டயரை மோந்து பார்த்தே நல்லதா கெட்டதா என்று சொல்லுவாராம். நான் கண்ணால் பார்த்தேன். மண்டி போட்டு, மூக்கை டயரில் வைத்து, கண்ணை மூடி இழுத்தார். நாய் நனைத்துவிட்டுப் போன டயராகக்கூட இருக்கலாம். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

முதலில் அகலச் சக்கரம் என்று ஒரு கூத்து. அலுமினிய வீல், தடியான டயர், ரெண்டும் வண்டியை விட்டு வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றன. திரும்பும்போதெல்லாம் மட்கார்டில் உரசி ரப்பர் தீய்ந்த நாற்றம் அடிக்கும். அந்த நாற்றத்தோடு கல்யாண வீட்டுக்குப் போய் இறங்கியிருக்கிறேன். கேட்டால், "ரோட்டைப் பிடிச்சுக்கிட்டு போகும் பாரு" என்பார். மட்கார்டைத்தான் பிடித்தது.

பிறகு கூட்டத்தில் யாரோ, அசல் வண்டிக்கு அசல் சக்கரம்தான் அழகு என்று ஓதிவிட்டார்கள். அலுமினியத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய இரும்பு வீலைத் தேய்த்துப் பெயின்ட் அடித்தார். யானைத் தந்த நிறமா வெள்ளி நிறமா என்று மோப்பத்தோடு ரெண்டு வாரம் போனில் சண்டை. கடைசியில் தந்த நிறம் ஜெயித்தது. பல்செட்காரருக்கு வேறு எந்த நிறம் பிடிக்கும்?

அப்புறம் டயர். கடைக்கு நானும் கூடப் போனேன். அந்தச் சின்ன அளவில் புது டயர், போன மாசம் வந்து இறங்கியது, கையை வைத்தால் மெத்தென்று இருந்தது. இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூஞ்சியே சரியில்ல" என்றார். டயருக்கு என்ன மூஞ்சி என்று கேட்டேன். டயர் மேல் வெட்டியிருக்கும் வரி மாடல் புதுசாக இருக்கிறதாம். அந்தக் காலத்து வண்டிக்கு அந்தக் காலத்து வரிதான் வேண்டுமாம். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஒரு வாரத்தில் மோப்பத்தின் தயவில் நாலு டயர் வந்து இறங்கியது. யாரோ ஒருத்தர் கிடங்கில் சுற்றின காகிதம் பிரிக்காமல் அப்படியே கிடந்ததாம், ஒரு அடிகூட ஓடாததாம். வெயில் படக்கூடாது என்று எங்கள் படுக்கையறையிலேயே அடுக்கினார். ராத்திரி முழுக்க மண்ணெண்ணெய் டின்னுக்குள் தலையை விட்டுப் படுத்த மாதிரி இருந்தது. தலையணை உறையில் கரி. போதாததற்கு வரிக்குள் இருந்த தூசியைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுத்தம் பண்ணி, அதைக் கழுவித் திரும்ப எங்கள் பிரஷ் டம்ளரிலேயே போட்டு வைத்தார். கண்றாவி. அந்த டம்ளரையே தூக்கிக் குப்பையில் போட்டேன்.

நான் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். எதைக் கையில் எடுத்தாலும் முதலில் தேதியைத்தான் தேடுவேன். டயரிலும் தேடினேன். அச்சடித்திருந்த எண்ணை டயர்க் கடைக்காரருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "அக்கா, அது போன நூற்றாண்டுச் சரக்கு. பூந்தொட்டி வைக்கலாம்" என்றார்.

இவரிடம் சொன்னேன். "டயர் என்ன இருமல் மருந்தா, காலாவதி ஆக? ஓடவே இல்ல, அப்புறம் எப்படித் தேயும்?" என்றார். தேய்வது வேறு, காய்ந்து போவது வேறு என்று எவ்வளவோ சொல்லியும் மண்டையில் ஏறவில்லை. மாட்டிக்கொண்டார். கூட்டத்தில் எல்லாரும் கைகுலுக்கினார்களாம். மோப்பம் கண் கலங்கினாராம். தூ.

எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் மகளுக்கு அப்போது நிறை மாசம். பிரசவம் ஆனதும் தாயையும் குழந்தையையும் ஆஸ்பத்திரியிலிருந்து இந்தக் காரில்தான் அழைத்து வருவேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவளுக்கும் அதே ஆசை. "நானும் அந்தப் பின்சீட்டிலதானே வளர்ந்தேன், என் குழந்தையும் அதிலதான் வீட்டுக்கு வரணும்" என்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வருவதற்கு நடுவில் லாரி பறக்கிற பைபாஸ் வேறு.

ஒரு நாள் காலையில் குப்பை கொட்டப் போனவள் பார்த்தேன். இவர் தரையில் உட்கார்ந்து, டயரின் பக்கவாட்டில் ஷூ பாலிஷ் தடவிக்கொண்டிருந்தார். கிட்டே போனேன். பாலிஷ் படாத இடத்தில் மயிரிழை மயிரிழையாய் வெடிப்பு. நகத்தால் அழுத்தினேன், வாயைத் திறந்தது.

"என்னங்க இது?"

"வெயில்ல லேசா கோடு விழும். அழகுக்குத் தடவுறேன்" என்றார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. விரிசல் விட்ட பல்லைப் பூசி மெழுகி இவர் ஒரு நாளும் யாருக்கும் கொடுத்ததில்லை. இதற்கு மட்டும் மனசு வந்திருக்கிறது.

மகளிடம் சொன்னேன். "அம்மா, உனக்கு அந்த வண்டி மேல எப்பவும் பொறாமை. அப்பா எனக்கு ஆபத்து வர்ற மாதிரி எதையாவது செய்வாரா?" என்றாள். டயரைக் கத்தியால் குத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு அனுப்புகிற அன்று வண்டியைத் துடைத்துப் பளபளவென்று ஆஸ்பத்திரி வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினார். வாட்ச்மேன்கூட நின்று பார்த்தார். மகள் குழந்தையை அணைத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தேன். மாப்பிள்ளை சீட்டை மடக்கிப் பின்னால் ஏறப் போனார். நல்ல ஆகிருதி அவருக்கு.

"மாப்பிள்ளை, நீங்க டாக்சில வந்துடுங்க" என்றார் இவர்.

"ஏன் மாமா? நான் இவங்க பக்கத்துல உக்காந்துக்குறேனே."

"இல்லீங்க, பின் டயரு உங்க வெயிட்டைத் தாங்காது. இவ மெலிஞ்சவ. குழந்தை என்ன, பூ மாதிரி. அதெல்லாம் தாங்கும்."

சாதாரணமாகத்தான் சொன்னார். பல்லுக்கு அளவு சொல்கிற மாதிரி. சொல்லிவிட்டுக் கதவை இன்னும் அகலமாகத் திறந்து பிடித்தார்.

மகள் படியிலேயே நின்றுவிட்டாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போன விதத்தைப் பார்த்த எனக்கு, இத்தனை நாள் நான் சொன்னது பலித்துவிட்டதே என்ற திருப்தி துளிகூட வரவில்லை. துணியை இழுத்துக் குழந்தையின் காலை மூடினாள். நேராக நடந்து போய், வரிசையில் நின்ற முதல் டாக்சியில் ஏறிக்கொண்டாள். மாப்பிள்ளை அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இவர் கதவைப் பிடித்தபடியே நின்றார். "என்ன ஆச்சு இவளுக்கு?" என்றார். பிறகு என்னிடம், "நீயாவது ஏறு. நான் தனியாவா போறது?" என்றார்.

"என் வெயிட்டைத் தாங்குமா?" என்று கேட்டேன்.

இல்லை என்று சொல்லியிருந்தால், ஒருவேளை மன்னித்திருப்பேன். ஆமாம் என்று பொய் சொல்லியிருந்தாலும், வழக்கம்போல் தலையில் அடித்துக்கொண்டு ஏறியிருப்பேனோ என்னவோ. அவர் என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் குனிந்து டயரைப் பார்த்தார்.