கலியமூர்த்திக்கு ஞாயித்துக்கிழமையும் டூட்டி

இன்னிக்கு யாரப் பாத்தேன் தெரியுமா? நெமிலிச்சேரி பார்வதம் அக்காவ! வீட்டுக்கு வந்து செருப்புகூட கழட்டாம டைப் பண்றேன், தப்பு இருந்தா மன்னிச்சிடுங்க.

பார்வதத்தோட வீட்டுக்காரர் கலியமூர்த்தி. ஆவடி ஃபேக்டரில முப்பத்தாறு வருஷம் ஃபிட்டர். இப்ப மூணு வருஷமா டிமென்ஷியா. பொண்டாட்டி பேரு மறந்துபோச்சு, காலைல ஆறரை மணி மட்டும் மறக்கல. டிபன் பாக்ஸோட ஷிஃப்டுக்குக் கெளம்பிடுவாரு. தடுத்தா கைய ஓங்குவாரு.

பார்வதம் தடுக்கறதயே விட்டுட்டாங்க. தெருமுனைல டூவீலர் மெக்கானிக் வேம்புலி. நேரா அவர்கிட்ட போனாங்க.

"தம்பி, நாளைலேருந்து உன் கடதான் ஃபேக்டரி. இவர உள்ள எடுத்துக்கோ."

"இன்னாக்கா சொல்ற? நானே எட்டரைக்குதான் கட தொறக்கறேன்!"

"ஆறரைக்குத் தொற. பத்து மணிக்கு ஷிஃப்டு முடியும்னு அவர்கிட்ட சொல்லிடறேன். டீ நான் கொண்டாறேன்."

ஆவடி ஃபேக்டரில உள்ள போறப்போ அட்டெண்டன்ஸுக்கு பித்தளை டோக்கன போர்டுல மாட்டணும். வேம்புலி செவுத்துல ஒரு ஆணி அடிச்சாரு. கலியமூர்த்தி தன் பழைய டோக்கன அதுல மாட்டிட்டு, நட்டு போல்ட்ட சைஸ் வாரியா பிரிக்க ஒக்காந்துட்டாரு. மொத நாளு ஒம்பதரைக்கே வேம்புலி டோக்கன கைல குடுத்து, "ஊட்டுக்குப் போ நைனா"ன்னாரு. வந்துச்சு பாருங்க கோவம்! "அரை மணி முன்னாடி போனா மெமோ நீ வாங்குவியா?" அதுலேருந்து கரெக்டா பத்து மணி.

அந்த மூணரை மணி நேரம் பார்வதம் தூங்குவாங்க. மூணு வருஷத்துல அசந்து தூங்கனதே அப்பதானாம். அத அவங்க சொன்னப்போ எனக்குக் கண்ணு கலங்கிடுச்சி.

ஒரு ஞாயித்துக்கிழம வேம்புலி கல்யாணத்துக்குப் போயிட்டாரு, சொல்ல மறந்துட்டாரு. கலியமூர்த்தி மூடுன ஷட்டரப் பாத்துட்டு நடந்துகினே இருந்தாரு. ஸ்டேஷன்ல பூ விக்கற பூங்காவனம் பாக்கறப்போ தண்டவாளத்து மேல நிக்கறாரு. கைல டோக்கன். மாட்டறதுக்கு ஆணி தேடறாரு! ஓடிப்போய் கையப் புடிச்சி இழுத்துகினு வந்தாங்க.

அன்னிக்கு சாயந்தரமே பார்வதம் தம்பி ஹேமநாதன் பெரிய பூட்டோட வந்து நிக்கறாரு. "கேட்ட பூட்டுக்கா. செத்துடுவாரு."

"பூட்டுனாலும் செத்துடுவாருடா. ஒரு நாள் லேட்டா போகாத மனுஷன் அவரு! இந்தா, இத உன் வண்டிக்குப் போட்டுக்கோ!" பூட்ட அவர் கைலயே திணிச்சிட்டு, சுத்தியலும் ஆணியுமா தெருவுல எறங்கிட்டாங்க.

"ஒரே ஒரு ஆணிக்கு எடம் குடு." கட கடயா இதே பேச்சு. சிரிச்சவங்களும் இருந்தாங்க. பூங்காவனம் சிரிக்கல. "ஞாயித்துக்கிழம எங்கிட்ட உடுக்கா, ஓவர்டைம் போட்டுக்கலாம்"னு தன் பூக்கட பலகைலயே அடிக்கச் சொன்னாங்க. இட்லிக்கட குப்பம்மா வாசக்கால்ல ஒண்ணு. ஒரு கட லீவுன்னா இன்னொரு கட. லீவு போடறவங்க மொத நாளே பார்வதத்துக்கு ஃபோன் அடிக்கணும், அதான் ரூலு.

இப்ப வேம்புலி கட செவுத்துல மூணு ஆணி! அடுத்த தெரு உதயகுமாரோட அம்மாவும், ரிட்டையர்டு டிரைவர் ஒருத்தரும் வராங்க, அவங்களுக்கும் இதே மறதிதான். போன வாரம் ஹேமநாதனே வந்து நட்டு பிரிச்சாராம். தப்பா பிரிச்சாருன்னு மச்சான்கிட்ட திட்டு வேற!

தயவுசெஞ்சி ஷேர் பண்ணுங்க. உங்க தெருவுலயும் ஒரு வீட்டுல யாராவது தூங்காம இருப்பாங்க. நெமிலிச்சேரி பக்கம் போனா வேம்புலி கடைய எட்டிப் பாருங்க. ஆறரைக்குள்ள போயிடுங்க, லேட்டா போனா கலியமூர்த்தி உள்ள விடமாட்டாரு.