குடியிருப்போர்: பூச்சியம்

நம்பாவிட்டால் போங்கள், நடந்தது நடந்ததுதான். 2014 ஜனவரி. இலங்கையின் மேற்குக் கரையில், கற்பிட்டிக் கோட்டைக்குப் பின்தெரு. பட்டப்பகல். அந்தப் பழைய தெருவைச் சுற்றுலாக்காரருக்காகப் புதுப்பிக்கக் கிளம்பிய ஒபிஸில் றொபின்சனுக்கு வீடு அளக்கிற வேலை. பேய் பிசாசு என்றால் விழுந்து விழுந்து சிரிக்கிற மனுசன் அவன்.

திட்டம் போட்ட மகாராசன்களுக்கு அந்தத் தெருவைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. மீன் பருவம் வந்தால் பாதித் தெரு பூட்டைப் போட்டுவிட்டு உச்சமுனைத் தீவுக்குப் போய்விடும். பருவம் முடியத்தான் திரும்பும். இவர்களோ, பூட்டுக் கிடந்தால் ஆளில்லா வீடு, இடிக்கலாம் என்று சட்டம் வைத்தார்கள். றொபின்சனும் டிசம்பரில் ஒவ்வொரு கதவாகத் தட்டினான். பதில் வராத வீட்டுக்கெல்லாம் 'குடியிருப்போர்: பூச்சியம்' என்று எழுதினான். ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, மிச்சமிருந்த சனத்தை லொறியில் பாலாவி ஊருக்கு ஏற்றிவிட்டுத் தெருவைத் தகரத்தால் அடைத்தார்கள்.

ஞாயிறு, பகல் 1.10. இடிக்கமுன் கடைசி அளவு எடுக்க, பதினேழாம் வீட்டுப் பூட்டை வெட்டி உள்ளே போனான். கருவாட்டு வீச்சம் மாதிரி ஏதோ மூக்கில் அடித்தது. மீன்காரர் வீடுதானே என்று அளவு நாடாவை விரித்தான்.

1.17. வாசல் கதவு மூடிக்கொண்டது. காற்று ஒரு பொட்டும் இல்லை.

இழுத்தான். அசையவில்லை. உதைத்தான். ம்ஹும்! ஜன்னல்களில் வெளியே தகரம் அடித்திருந்தது. அடிக்கச் சொன்னதே அவன்தான். போனில் சிக்னல் இல்லை.

கிரீச்... கிரீச்...

மூடியிருந்த அறைக்குள் கட்டில் அசைகிற சத்தம்.

"ஆரது?"

"நான்தான் தம்பி... இருக்கிறேன்." பெண் குரல்.

"அம்மா, கதவைத் திறங்க! நான் போகோணும்!"

"இருக்கிறேனெண்டு எழுதுங்க..."

பதினேழாம் வீட்டுப் படிவத்தை எடுத்தான். பூச்சியத்தை வெட்டினான். 'ஒருவர்' என்று எழுதினான்.

1.31. கதவு திறந்தது.

ஓடினான்.

தகர வாசலில் ஒரே கூச்சல். பக்கத்து வீட்டிலிருந்து பாலாவிக்கு அனுப்பப்பட்ட கமறியா, கையில் ஒரு சாவியோடு காவல்காரனைப் பிடித்து ஏசிக்கொண்டிருந்தாள். "பதினேழில ஆள் இரிக்கிண்டு மூணு நாளா செல்றேன்! சோறு குடுக்கிறதே நான். லிஸ்ட்டில ஆளில்லயாம், விடுறானில்ல!" செய்தி கேட்டுத் தீவிலிருந்து வந்திறங்கிய வீட்டுக்காரன் நிக்கொலஸ், நனைந்த சாரத்தோடு காவல்காரனைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தான்.

அறைக் கட்டிலில் அவனுடைய தாய் றோசமேரி கிடந்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், சனிக்கிழமை விடியவே உயிர் போயிருக்கிறது என்றார் டொக்டர்.

றொபின்சன் நிக்கொலஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அண்ணன், அவ இண்டைக்கு என்னோட கதைச்சவ... சத்தியமா."

நிக்கொலஸ் கையை உருவிக்கொண்டான்.

"அம்மாவா? பாரிசவாதம் வந்து ஏழு வருசம் தம்பி. அவவால ஒரு சொல்லுக் கதைக்க ஏலாது."