பக்கத்து சீட்டில் இருக்கத் தகுதியானவர் யார்?

கார் பழக்குகிற தொழிலில் இருப்பவனுக்கு மூன்று கண்ணாடி போதாது. பழக வருகிற பிள்ளையின் வீட்டுக்குள் என்ன நடக்கிறதென்று பார்க்க நாலாவது ஒன்றும் வேண்டும். லண்டனில் மிச்சம் என்கிற ஊரில் பன்னிரண்டு வருஷம் இந்தத் தொழில் செய்தேன். என் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்து வலது காலுக்கு மட்டும் ஒரு சைஸ் பெரிய சப்பாத்து வாங்க வேண்டியதாய்ப் போயிற்று. நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். சொந்தப் பிள்ளைக்குக் கார் பழக்கப் போய் இரத்த அழுத்தம் வாங்கிய சகோதரங்களே, இந்தக் கதை உங்களுக்குத்தான்.

*லொறிக்காரர்*

தொண்ணூற்றிமூன்றில், ஒரு மாசி மாதம், சிவபாலன் மகள் சுகந்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வயோதிபர்களை வீடு வீடாய்ப் போய்ப் பார்க்கிற வேலை பிள்ளைக்குக் கிடைத்திருந்தது. சித்திரைக்குள் லைசென்ஸ் எடுக்காவிட்டால் அந்த இடம் இன்னொருவருக்கு. கிழமைக்கு ஒரு பாடம் என்னிடம், மிச்ச நாளெல்லாம் தானே பழக்குவது என்பது தகப்பனின் திட்டம்.

எனக்கு உடனே சந்தேகம். பக்கத்தில் இருப்பவருக்கு இருபத்தியொரு வயதாகியிருக்க வேண்டும், முழு லைசென்ஸ் எடுத்து மூன்று வருஷம் ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. லைசென்ஸைக் காட்டும் என்றேன். பொலித்தீனில் சுற்றிய பழைய இலங்கை லைசென்ஸை நீட்டினார். இங்கத்தையது எங்கே என்று கேட்க, மெல்ல, ஆறுதலாய் மற்றப் பொக்கற்றில் இருந்து வந்தது. நாலாம் தரம் டெஸ்டுக்குப் போய் எடுத்தது. வயது பதினொரு மாதம். “பொலிஸ் பிடிச்சால் பிள்ளையின்ர பழகுற லைசென்ஸில தண்டப் புள்ளி விழும், வேலையும் போகும்” என்றேன். மனுசன் நெஞ்சை நிமிர்த்தினார்.

“அண்ணை, ஆனையிறவில ஆமிச் சென்றிக்காரன் துவக்கை நீட்ட நீட்ட லொறியை ரிவேர்ஸ் எடுத்தவன் நான். மிச்சம் ரவுண்டபவுட்டோ என்னட்டை வருஷக் கணக்குக் கேக்குது?”

*அடுத்த ஆள்*

இரண்டு நாளில் சிவபாலன் தன் மச்சானைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஐம்பது வயது, பத்து வருஷ லைசென்ஸ், எல்லாம் சரி. ஆனால் ஆள் என்னோடு கைகுலுக்க வந்து என் வாசல் கதவின் பிடியைக் குலுக்கினார். பக்கத்தில் இருப்பவருக்கும் கண் தெரிய வேண்டுமே! தெருவுக்கு அந்தப் பக்கம் நின்ற வான் வண்டியின் நம்பரை வாசிக்கச் சொன்னேன். மணிமணியாய் வாசித்தார். அது அவருடைய சொந்த வான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

“சரி, அதுக்குப் பின்னால நிக்கிற காரின்ர நம்பரைச் சொல்லும்” என்றேன். கண்ணைச் சுருக்கினார், விரித்தார், கழுத்தை நீட்டினார்.

“அது எனக்குத் தேவையில்லாத கார், அண்ணை.”

*பச்சைக் கோட்*

இப்படிப் பழக்க ஆளில்லாத பிள்ளை, மூன்றாம் கிழமை வந்து ஒரே இழுப்பில் ரிவேர்ஸ் பார்க்கிங் செய்கிறாள். நான் இன்னும் அதைச் சொல்லிக் கொடுக்கவேயில்லை! போதாததற்கு, கிளச்சை விடும்போது வாய்க்குள் “ஆறுதலா, ஆறுதலா” என்று சொல்லிக்கொள்கிறாள். லண்டனில் வளர்ந்து இங்கிலிஷில் கதைக்கிற பிள்ளைக்கு அது எங்கிருந்து வரும்? யாரோ தமிழ் ஆள் களவாய்ப் பழக்குகிறார். யாரென்று கேட்டேன். “பிராக்டிஸ் பண்ணினேன், அங்கிள்” என்று கண்ணாடியைப் பார்த்தாள். அவள் கண்ணாடியைப் பார்த்த பார்வை டெஸ்டுக்கான பார்வையில்லை.

வெள்ளிக்கிழமை சிவபாலனுக்குப் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட். களவாய்ப் பழக்க அதை மாற்றியிருப்பார் என்று எனக்கு நிச்சயம். அவர்கள் தெரு முனை டெலிபோன் பெட்டிக்குள் இரண்டு மணித்தியாலம் ஒளிந்து நின்றேன். வெளியே வரிசையில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி என்னில் இரக்கப்பட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா என்றால் பாருங்கள். கடைசியில் எல் அட்டையோடு சிவப்புக் கார் வந்தது. சுகந்தி ஓட்டுகிறாள். பக்கத்தில், அவளுடைய தாய் தவமணி குளிருக்குப் போடும் பச்சைக் கோட். அதன் தொப்பி முகத்தை மூடியிருக்கிறது. அட, மனுசியின் கோட்டைப் போட்டு வேஷமா? பாய்ந்து போய்க் கண்ணாடியில் தட்டினேன்.

“சிவபாலன்! கோட்டைக் கழட்டும்!”

தொப்பி விலகியது. தவமணிதான்.

கைப்பையைத் திறந்து லைசென்ஸை நீட்டினா. முழு லைசென்ஸ், எண்பத்தியெட்டில் எடுத்தது. ஐந்து வருஷம்! சிவபாலன் இரண்டாம் தரம் பெயிலான அதே கிழமை, தான் முதல் தரமே பாஸ் என்றா. அது தெரிந்தால் மனுசன் பிறகு ஸ்டியரிங்கையே தொடமாட்டார் என்று மூச்சு விடவில்லையாம். சீலை எடுக்கப் போறன் என்று சொல்லி, கிழமைக் கிழமை பஸ்ஸும் ரயிலும் ஏறி, லண்டனின் மற்றக் கோடியில் இருக்கிற சவுத்தாலுக்குப் போய் ஒரு பஞ்சாபிப் பெண்ணிடம் பழகினாவாம்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. “இரண்டு தெரு தள்ளி நான் இருக்க, சவுத்தாலுக்கு ஏன் பிள்ளை போனனி?”

“உங்களிட்டைப் பழகியிருந்தால், நான் கிளச் மிதிக்க முதல் கதை கோயிலுக்குப் போயிருக்கும், அண்ணை.”

*டெஸ்ட் நாள்*

பங்குனிக் கடைசியில் சுகந்தி முதல் தரமே பாஸ். வேலையும் கைவிட்டுப் போகவில்லை. சிவபாலன் லட்டுப் பெட்டியோடு என் வாசலுக்கு வந்தார். பின்னால் தவமணி, அதே பச்சைக் கோட்டுக்குள், பார்வையை என் வாயிலேயே வைத்துக்கொண்டு. உண்மை என் நாக்கு நுனிவரை வந்து நின்றது எனக்குத்தான் தெரியும். வாயைத் திறக்க முதல் ஒரு முழு லட்டை எடுத்து உள்ளே அடைத்துக்கொண்டேன். சிவபாலன் என் தோளில் தட்டினார்.

“பாத்தியளோ அண்ணை, லொறி ஓடின இரத்தம்! இந்தக் குடும்பத்தில முதல் தரமே பாஸ் பண்ணின ஒரே ஆள் இவள்தான்!”

பன்னிரண்டு வருஷமாய் ஊர் முழுக்கச் சந்தேகப்பட்டுத் திரிந்த என்னை, எனக்கு முதலே ஒருத்தி சரியாய்ச் சந்தேகப்பட்டுச் சவுத்தால் வரைக்கும் போய் லைசென்ஸ் எடுத்துவிட்டா.