வயிறில்லாத தோல்

போன மாதம் வேலூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். என் பின்னால் பெரிய திரையில் நான் செய்த கேமை ஓடவிட்டு, அதில் முதல் இடத்தில் என் பெயர் இருப்பதைக் காட்டினார்கள். கேம் செய்யும் ஆசை எப்படி வந்தது என்று கேட்டார்கள். சின்ன வயதுக் கனவு, விடாமுயற்சி, அது இதுவென்று வாய்க்கு வந்ததை அளந்துவிட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள், சால்வை போர்த்தினார்கள். ஆட்டோவில் திரும்பி வரும்போது அந்தச் சால்வையைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. மேடையில் சொன்னதில் ஒரு வார்த்தைகூட உண்மை கிடையாது.

சின்ன வயதில் எனக்கு எந்தக் கனவும் இருந்ததில்லை. படிப்பு முடிந்ததும் சென்னையில் யாரும் வேலை தரவில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் புரோகிராம் எழுத ஆள் கேட்கிறார்கள் என்றார்கள், போய்ச் சேர்ந்தேன். வேலூர் சத்துவாச்சாரி வீட்டிலிருந்து தினமும் பஸ். எவ்வளவு தோல் வந்தது, எத்தனை ஜோடிக்கு வெட்டினார்கள், எவ்வளவு வீணானது என்று ரிப்போர்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும். கழுதைகூட அலுத்துக்கொள்ளும் வேலை.

அம்மாவுக்கு என் சம்பளம் பிடித்திருந்தது, வேலை பிடிக்கவில்லை. சாயங்காலம் வந்தால் முன்வாசல் வழியாக உள்ளே வரக்கூடாது. பின்பக்கம் வாளியில் தண்ணீர் வைத்திருப்பாள். "தோல் கம்பெனிக்குப் போய்ட்டு அப்டியே சாமி ரூம் பக்கம் வந்துடாத" என்பாள். தோலைத் தொடுகிறவர்கள் யார், தொடாதவர்கள் யார் என்பதெல்லாம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் அத்துப்படி. வாய்விட்டு மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. "நா மாடியில ஏசி ரூம்லதாம்மா இருக்கேன், ஒரு நாளும் கீழ போய்த் தொட்டதில்ல" என்று அவளிடம் பெருமையாகச் சொல்வேன். சொல்லிவிட்டுக் குளிக்கவும் செய்வேன்.

மாடி ரூமின் கண்ணாடி வழியாகக் கீழே தோல் வெட்டும் ஹால் தெரியும். தோலை மேஜைமேல் விரித்து, ஷூவின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வடிவமாக வளைத்த இரும்புக் கத்திகளை அதன்மேல் வைத்து, மிஷினை இழுத்து அழுத்துவார்கள். துண்டு வெட்டுப்பட்டு விழும். கண்ணாடிக்கு நேர் கீழ் மேஜையில் நின்றவனுக்கு என் வயதுதான் இருக்கும், ஆம்பூர்க்காரன். கத்தியை வைப்பான், எடுப்பான், திருப்புவான், மறுபடி வைப்பான். தோலின் ஓரத்தில் ஒரு பெரிய துண்டுக்கு இடம் இருக்கும், அதை அப்படியே விட்டுவிட்டு நடுவில் போய் நெருக்குவான். எனக்கு ஆத்திரமாக வரும். அந்த இடம் உன் கண்ணில் படவில்லையா, மடையா என்று மாடியிலிருந்தே திட்டுவேன்.

அவனைவிட நான் நன்றாக வெட்டுவேன் என்று எனக்கே காட்டிக்கொள்ளத்தான் ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு உட்கார்ந்தேன். என் முதல் கேம் இப்படித் திமிரில் பிறந்தது. திரையில் ஒரு தோலின் வடிவம், ஓரத்தில் கத்திகள், இழுத்து இழுத்துத் தோலுக்குள் அடுக்க வேண்டும். எத்தனை சதவீதம் வீணாகாமல் வெட்டினாய் என்பதுதான் ஸ்கோர்.

கத்தி முதல் தடவை என் விரலுக்குக் கீழே திரும்பியபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, அதை மறைக்க மாட்டேன். அதுவரை நான் எழுதிய எதுவும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு சொறி பிடித்த மாதிரிதான், கையை எடுக்க முடியவில்லை. பஸ்ஸில் போனில் பாடம் பார்த்தேன். வெட்டு விழும்போது திரை லேசாக அதிர வேண்டும் என்று அந்த ஒரு அதிர்வுக்காக மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். மிஷினின் "டொம்" சத்தம் வேண்டுமென்று மாடிப்படியில் நின்று போனில் பதிவு செய்தேன். கடைசிப் படியில் நின்றேன், ஹாலுக்குள் காலை வைக்கவில்லை.

யாராவது பார்த்து மெச்ச வேண்டுமே என்று அரித்தது. மேனேஜரிடம் காட்டினேன். அந்த ஆளுக்குக் கேமும் தெரியாது, ரசனையும் கிடையாது, சதவீதம் மட்டும்தான் கண்ணில் படும். ஹாலில் நாலு டேப்லெட் வாங்கி வைத்தான். வெட்டுகிறவர்கள் எல்லோரும் தினமும் ஒரு தடவை ஆட வேண்டும், ஸ்கோர் சுவரில் ஒட்டப்படும் என்று உத்தரவு போட்டான். நான் வெட்கமே இல்லாமல் சந்தோஷப்பட்டேன். என் கேமை இத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

கத்தியையே பிடித்தறியாத ஸ்டோர் கிளார்க் விளையாட்டாக ஆடி முதலிடம் வந்தான். எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். கண்ணாடிக்குக் கீழே நின்றவன் மூன்று வாரமும் கடைசி. மூன்றாவது வாரம் அவன் டேப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்கே வந்துவிட்டான்.

"மேடம், உங்க தோலுக்கு வயிறே இல்ல."

"இன்னா?"

"முதுகுப் பக்கமும் வயித்துப் பக்கமும் உங்களுக்கு ஒண்ணுதானா? வயித்துத் தோல் இழுத்தா ரப்பர் மாரி வரும். அதுல மூக்குத் துண்ட வெட்ட முடியுமா? உங்க கேம் வெட்டச் சொல்லுது. எனக்குக் கை வரல."

மூக்குத் துண்டு என்றால் ஷூவின் முன்னால் விரல்களுக்குமேல் வரும் பெரிய துண்டு. அவன் சொன்னது எனக்குப் பாதி புரிந்தது. ரூமில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தோத்தவங்க எல்லாரும் இப்டிதான் சொல்வாங்க" என்றேன்.

அவன் டேப்பை என் மேஜைமேல் வைத்தான். "தோலத் தொட்டுப் பாத்துருக்கீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. அந்தக் கோபத்தில் அவனைப் பற்றி மேனேஜரிடம் புகாரும் சொன்னேன். அடுத்த நாளே அவன் மேஜையில் ஸ்டோர் கிளார்க் நின்றான். என்னைக் கேள்வி கேட்டவனைப் பேக்கிங்கில் உட்காரவைத்து ஷூவுக்குள் காகிதம் அடைக்கச் சொன்னார்கள். ஒரு வாரம் அடைத்தான், அப்புறம் வேலையை விட்டு நின்றுவிட்டான்.

மாதம் திரும்புவதற்குள் ஹாலில் கூச்சல். கேமில் ஆடின மாதிரியே நிஜத் தோலிலும் வெட்டியிருந்தார்கள். ஷூவைக் கால் வடிவ அச்சில் இழுத்து மாட்டும்போது மூக்குப் பக்கம் சுருக்கம் சுருக்கமாக விழுந்தது. மொத்தமும் ரிஜெக்ட். மேனேஜர் வெட்டினவர்களைக் கண்டபடி ஏசினான், சுவரிலிருந்த ஸ்கோர் தாளைக் கிழித்தான், என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அன்றுதான் முதல் முறையாகக் கடைசிப் படியைத் தாண்டி இறங்கினேன். ஒரு முழுத் தோலை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். முதுகுப் பக்கம் அசையவில்லை. வயிற்றுப் பக்கம் என்னோடு கூடவே வந்தது. ஏழு மாதம் தோலை வைத்து ஒரு கேம் செய்திருக்கிறேன். தோல் எப்படி இருக்கும் என்பது அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தத் தோலைக் கேட்டு வாங்கிச் சுருட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகவே வீட்டுக்குள் போய், சாப்பாட்டு மேஜையில் விரித்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "குடும்பத்த நாறடிக்கவே பொறந்தியாடி?" என்றாள். "உன் பேச்சக் கேட்டுத்தான் இந்த லட்சணத்துல நிக்கிறேன்" என்று கத்தினேன். இரண்டு நாள் சமையலறையில் பாத்திரங்கள்தான் பேசின. நான் அந்த மேஜையிலேயே சாப்பிட்டேன், இழுத்தேன், எழுதினேன். புதிய கேமில் தோலுக்கு வயிறு வந்தது. அங்கே வைக்கிற துண்டு இழுபட்டுக் கோணும், ஸ்கோர் மளமளவென்று இறங்கும். நான் ஆடினால் ஐம்பதைத் தாண்டவில்லை.

வேலையை விட்டுப் போனவன் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. போனை மட்டும் நீட்டினேன். வாங்கமாட்டான் என்றுதான் நினைத்தேன். வாங்கினான். ஹேண்டில்பாரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஆடினான். வயிறு வரும் ஓரத்தை விட்டான், நடுவில் நெருக்கினான், நான் மாடியிலிருந்து மடையன் என்று திட்டிய அதே மாதிரி. தொண்ணூற்று மூன்று.

"இப்ப சரியா இருக்கு" என்றான்.

"கம்பெனில பேசிப் பாக்கறேன்" என்றேன்.

"வேணாம் மேடம். பேஜார். இத மொதல்லயே பண்ணியிருந்தீங்கன்னா நா டேபிள்ல நின்னுனு இருப்பேன்."

முதல் இடம் பிடித்தவர் பெயரைப் போடச் சொல்லித் திரை கேட்டது. அவன் போனை என்னிடம் நீட்டினான். "உங்க பேரையே போட்டுக்குங்க" என்றான். அதற்குள் ஆட்டோவில் ஆள் நிறைந்துவிட்டது, கிளம்பிவிட்டான்.

சத்துவாச்சாரி பஸ்ஸில் உட்கார்ந்து என் பெயரைப் போட்டேன். அந்தக் கேமைக் காட்டித்தான் சென்னையில் கேம் கம்பெனியில் வேலை வாங்கினேன். இத்தனை நாள் ஆடியும் அந்தத் தொண்ணூற்று மூன்றை என்னால் எட்ட முடியவில்லை. கல்லூரியில் பிள்ளைகள் திரையைப் பார்த்துக் கைதட்டியது அதற்குத்தான்.