கன்னியம்மா வீட்டு ஃபேன்

லைன்மேன் உத்தியோகத்தில் ஒரு விசேஷம்: கரண்ட் இருக்கும்போது நம்மை ஒரு ஜீவனும் நினைக்காது, போய்விட்டால் ஊரே நினைக்கும். கண்டக்டர்களே, ரேஷன் கடைக்காரர்களே, திட்டு வாங்கியே வயிறு வளர்க்கும் மற்ற சொந்தங்களே, என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

கம்பத்தில் குடித்தனம்

பொதட்டூர்பேட்டையில் மரக்கிளை விழுந்து லைன் அறுந்துவிட்டது. அங்கே வீட்டுக்கு வீடு தறி. தறிச் சத்தம் நின்றதும் தெருவே வெளியில் வந்துவிட்டது. நான் கம்பத்தின் மேலே. கீழே லுங்கி நெய்கிறவர் ஒருவர் இடுப்பில் கை வைத்து அண்ணாந்து முறைக்கிறார். “பத்து நிமிஷம்ணா” என்றேன்.

“ஆங், ஏறும்போதும் இதத்தான் சொன்ன. எறங்கி வராத, அங்கயே குடித்தனம் பண்ணிகினு இரு!”

பாவாவுக்குக் கோழி

என் அக்கா வீட்டுக்காரர், எங்கள் பாவா, ஆப்பிரிக்காவில் கிராமங்களுக்கு லைன் இழுக்கப் போயிருக்கிறார். மண்ணெண்ணெய் விளக்கைத் தவிர எதுவும் பார்க்காத ஊராம். முதல் பல்பு எரிந்ததும் ஜனங்கள் ஆடிப்பாடி, பாவாவுக்குக் கோழி அடித்துப் போட்டார்கள். அதை வீடியோ எடுத்து அனுப்பி என் வயிற்றெரிச்சலைக் கிளப்பினார் மனுஷன். உலகத்தில் இன்றைக்கும் இப்படி ஒவ்வொரு ஊராகத்தான் வெளிச்சம் வந்துகொண்டிருக்கிறதாம். “இங்க டீக்கே வழியில்ல பாவா” என்று புலம்பினேன்.

“போன வருஷம் லைன் குடுத்த ஊர்ல எனக்கும் இப்ப திட்டுதான். கோழியெல்லாம் மொத நாளைக்கு மட்டுந்தான் மச்சான்!”

சம்பந்தியம்மா கண்டிஷன்

நம் பக்கம் எல்லா வீட்டுக்கும் கரண்ட் வந்தாச்சு என்று நினைத்திருந்தேன். கே.ஜி.கண்டிகைக்கு வெளியே, கழனிக்கு நடுவில், கன்னியம்மா வீடு மட்டும் பாக்கி. பெண்களை ஒரு செட்டாகச் சேர்த்துக்கொண்டு நடவுக் கூலி வேலைக்குப் போகிறவர். மகளுக்குத் தலைப்பிரசவம். தாய் வீட்டில்தானே நடக்க வேண்டும்? ஆனால், “ஃபேன் இல்லாத வீட்டுக்கு மருமகளை அனுப்ப மாட்டேன்” என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டார். ஆடி பிறந்துவிட்டால் வளைகாப்பு கிடையாது. அதற்குள் கரண்ட் வந்தாக வேண்டும், கன்னியம்மாவுக்கு வேறு நினைப்பே இல்லை.

பக்கத்துக் கழனிக்காரரோ, தன் வரப்பில் கம்பம் வைக்கக் கூடாது என்று ஒரே பிடிவாதம். நான் கெஞ்சிப் பார்த்தேன், அசையவில்லை. கன்னியம்மா கெஞ்சவே இல்லை.

“சரி, இந்தவாட்டி நடவுக்கு வேற ஆளப் பாத்துக்கோ நைனா. நானும் வரமாட்டேன், என் செட்டுல ஒருத்தியும் வரமாட்டா.”

என் பங்குக் கோழி

அன்று சாயங்காலமே கழனிக்காரர் வழிக்கு வந்தார். ஆடிக்கு முன்னாலேயே ஃபேன் மாட்டியாச்சு. கன்னியம்மா அதன் இறக்கைகளுக்கு மஞ்சள், குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டு சுவிட்சைப் போட்டார். அத்தனையும் என் சட்டையில்! எனக்கும் கோழிக்குழம்பு கிடைத்தது. வளைகாப்பு முடிந்து மகள் வந்து அந்த ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்ததைப் பார்த்தபோது, சொல்ல வெட்கமில்லை, கண் கலங்கிவிட்டது.

நாலாம் நாள் காற்றடித்து லைன் போனது. உடனே போன் வந்தது. கன்னியம்மா!

“இன்னாப்பா, அரை மணி நேரமா கரண்ட் இல்ல, புள்ளத்தாச்சி வேர்த்து ஊத்திகினு கெடக்குது. நாங்கல்லாம் மனுசங்களா இல்லியா?”

அந்தத் திட்டைக் காதால் கேட்ட பிறகுதான், அவர் வீட்டுக்கும் கரண்ட் முழுசாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எனக்கு நிம்மதியானது.