அவர் எழுந்தால் கூட்டம் கலையும்

கால்நடை மருத்துவக் கல்லூரியின் வண்ணக் கையேட்டில் டாக்டரம்மா மூன்று இடத்தில் இருப்பார். முதல் பக்கத்தில் வெள்ளைக் கோட்டோடு, நடுப்பக்கத்தில் மூக்குக் கண்ணாடியோடு, கடைசிப் பக்கத்தில் ஒரு கன்றுக்குட்டியைக் கட்டிக்கொண்டு. மேலே ‘பல தரப்பினரையும் கொண்ட எங்கள் ஆசிரியர் குழு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ஒரே ஆளை மூன்று விதமாக நிறுத்திப் படம் எடுத்தால் மூன்று தரப்பு ஆகிவிடும் என்பது கல்லூரி முதல்வரின் கணக்கு.

மாணவர்கள் விஷயத்தில் காலம் மாறித்தான் இருந்தது. முன்பெல்லாம் டாக்டர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் வந்து டாக்டராகிப் போன இடத்தில், இப்போது ஆடு மேய்ப்பவர் மகள், லாரி ஓட்டுநர் மகன், மாட்டைப் படத்தில் மட்டும் பார்த்த அடுக்குமாடிப் பிள்ளைகள் என்று எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் அவர்களுக்கு எதிரே நின்று பாடம் எடுத்தவர்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். நிரந்தர ஆசிரியர்களில் பெண் என்று இருந்தவர் டாக்டரம்மா ஒருவர்தான்.

இந்த நிலையில்தான் மேலிடத்திலிருந்து ஒரு விதி வந்தது. நிரந்தரப் பெண் ஆசிரியர் ஒருவராவது உட்காராமல் எந்தக் குழு கூடினாலும் அந்தக் கூட்டம் செல்லாது. நல்ல விதிதான், யார் இல்லையென்றது? ஆனால் கல்லூரியில் குழுக்களுக்குப் பஞ்சமே இல்லை. தீவனம் வாங்கும் குழு, விடுதிக் குழு, நூலகக் குழு, ஆண்டு விழாக் குழு, ஆண்டு விழாவில் நடந்த தகராறை விசாரிக்கும் குழு. எல்லாவற்றிலும் அம்மாள் போய் உட்கார வேண்டும். பேச வேண்டியதில்லை, உட்கார்ந்தால் போதும். மாடு பார்க்கப் படித்தவரை நாற்காலி காக்க வைத்துவிட்டார்கள்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, பெரிய கால்நடைப் பிரிவின் தலைமை. பதவி மோகம் இல்லை. அந்தப் பிரிவைப் பொறுப்பில் வைத்திருந்த பேராசிரியர் ஒருமுறை எருமையிடம் உதை வாங்கியவர். அன்றுமுதல் மாடுகளை ஜன்னல் வழியாகவே பார்த்துவந்தார். பெண் பிள்ளைகளுக்கு நாயும் பூனையும் போதும் என்று கொட்டகைப் பக்கமே விடமாட்டார். படித்து முடித்து வெளியே போகிற பெண்களில் பாதிப் பேருக்குச் சினை மாட்டைத் தொட்டுப் பார்க்கத் தெரியவில்லை. டாக்டரம்மாவுக்கு அது நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அந்த நாற்காலி கிடைத்தால் முதல் நாளே அத்தனை பேரையும் கொட்டகையில் இறக்கிவிட வேண்டும் என்று இருந்தார்.

தகுதி இருந்தது, அனுபவம் இருந்தது. ஆனால் பதவி உயர்வுக் குழுவில் அவர் பெயர் வரும்போதெல்லாம் ஒரு வேடிக்கை நடக்கும்.

“மேடம், அடுத்தது உங்க விஷயம்தான். நீங்க இருக்கும்போது உங்களப் பத்திப் பேசறது முறையில்ல. கொஞ்சம் வெளிய இருங்க” என்பார் முதல்வர்.

அவர் எழுந்து வெளியே போவார். கதவு சாத்தப்படும். உடனே ஒருவர் தொண்டையைக் கனைத்து, “இப்ப பெண் உறுப்பினர் யாரும் இல்லையே. கூட்டம் செல்லாதே” என்பார். எல்லோரும் உச்சுக் கொட்டுவார்கள். கதவு திறக்கும். “மன்னிச்சுக்குங்க மேடம், விதி அப்படி” என்று முதல்வர் மெய்யாகவே வருத்தப்படுவார். பிறகு உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஆண்கள் இரண்டு பேருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டுத் தேநீர் குடிப்பார்கள்.

நான்காவது முறை இப்படி நடந்த அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னார். அவர் தையல்காரர். கல்லூரி கொடுக்கிற கொட்டகை உடுப்பு ஆறடி ஆளுக்கு அளவெடுத்தது என்பதால், மனைவிக்குக் கையையும் காலையும் வெட்டித் தைத்துக் கொடுப்பது அவர் வேலை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார்.

“அப்போ நீ உள்ள இருந்தா உனக்குக் கிடைக்காது. வெளிய போனா யாருக்குமே கிடைக்காது. அப்படித்தானே?”

“அப்படித்தாங்க.”

“அப்புறம் ஏன் உள்ளயே உக்காந்திருக்கே? ஆடிக் கறக்கிற மாட்ட ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டப் பாடிக் கறக்கணும்.”

அம்மாள் அன்று வயிறார இரண்டு தட்டு சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு கல்லூரி மாடுகளுக்கு என்ன கேடு வந்ததோ தெரியாது. பதவி உயர்வுக் குழு கூடி, யாராவது ஒரு ஆண் பெயரை வாசிக்க வாய் திறந்தால் போதும், கொட்டகையிலிருந்து ஆள் வந்துவிடும். ஒரு நாள் வயிற்று உப்புசம். ஒரு நாள் நஞ்சுக்கொடி விழவில்லை. இன்னொரு நாள், மாடு ஒரு மாதிரியாக முறைக்கிறது என்று செய்தி.

“மாடு காத்திருக்குமா சார்?” என்று அம்மாள் எழுந்துவிடுவார். கூட்டம் கலையும். மாட்டு டாக்டர் மாட்டைப் பார்க்கப் போகக்கூடாது என்று கால்நடைக் கல்லூரியில் எவன் சொல்ல முடியும்? பேராசிரியர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் பேராசிரியரின் பதவி உயர்வும் தேங்கிக் கிடந்த கோப்புகளோடுதான் இருந்தது. தனக்கு வந்தால்தானே தலைவலி தெரியும்.

அவர்தான் கடைசியில் வழி கண்டுபிடித்தார். “இன்னொரு பெண்ண நிரந்தரமாக்கினா என்ன சார்? நம்ம தற்காலிகம் இருக்காளே.”

தற்காலிகம் என்பது ஒரு விரிவுரையாளரின் பட்டப்பெயர். எட்டு வருஷமாகத் தற்காலிகமாகவே இருந்ததால் பெயர் நிலைத்துவிட்டது. ஊரார் ஆட்டை மேய்த்தவரின் மகள். நேர்காணலுக்கு நான்கு முறை வந்திருந்தாள். ஒரு முறை பேச்சில் நாகரிகம் போதாது என்றார்கள். ஒரு முறை கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறாள் என்றார்கள். இப்போது அதே ஆட்கள் அவள் திறமையைக் கண்டு மலைத்துப்போனார்கள். இத்தனை நாள் இந்த மாணிக்கம் எங்கே இருந்தது என்று ஜன்னல் பேராசிரியர் கேட்டே விட்டார். எதிர் அறையில் இருந்தது.

அவளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் நடந்த அன்று மட்டும் கொட்டகையில் ஒரு மாடு தும்மக்கூட இல்லை. அம்மாள் கடைசிவரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த கூட்டத்தில் டாக்டரம்மாவின் பெயர் வந்தது. அவர் வழக்கம்போல எழுந்து வெளியே போனார். உள்ளே தற்காலிகம் இருந்தாள். கூட்டம் செல்லும். இனித் தள்ளிப்போடச் சாக்கு இல்லை.

வெளியே நின்றால் மனசு அடித்துக்கொள்ளும் என்று அம்மாள் நேரே கொட்டகைக்குப் போய்விட்டார். தோள்வரை கையுறை மாட்டிக்கொண்டு ஒரு சிவப்புப் பசுவுக்குச் சினை பார்க்க ஆரம்பித்தார். இது கிடைக்காவிட்டால் ஓய்வு பெறுகிறவரை நாற்காலிதான் என்று தெரியும். பயமாக இருந்தது. பசுவுக்கு அது தெரிய வேண்டாம் என்று அதன் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் தற்காலிகம் வேகமாக வந்தாள்.

“அக்கா, ஒத்துக்கிட்டாங்க.”

அம்மாளின் கை பசுவுக்குள்ளேயே இருந்தது. கண் மட்டும் நிறைந்துவிட்டது. துடைக்க வழியில்லை.

“ஆனா காரணம்னு ஒண்ணு எழுதியிருக்காங்க. ‘பெண்களை ஊக்குவிக்கும் பொருட்டு’ன்னு. இத்தன வருஷம் மாடு பார்த்ததுக்கு ஒரு வார்த்த இல்ல. நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.”

“வந்துட்டியா? அப்ப உள்ள யாரு இருக்கா?”

“யாரும் இல்ல. கூட்டம் இப்ப செல்லாது.”

அம்மாள் சிரித்த சிரிப்பில் பசு திரும்பிப் பார்த்தது. இவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே எழுந்து வந்திருக்கிறாள் என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு அடங்கவில்லை.

“வேற என்ன எழுதணும்னு முதல்வர் கேக்கறாரு அக்கா.”

“இவங்களுக்கு மாடு பார்க்கத் தெரியும்னு எழுதச் சொல்லு. அது போதும்.”

தற்காலிகம் திரும்பிப் போய் உட்கார்ந்து சொன்னாள். உள்ளே பெரிய குழப்பமாகிவிட்டது. மாடு பார்க்கத் தெரியும் என்ற காரணத்துக்காக இந்தக் கல்லூரியில் யாருக்கும் இதுவரை பதவி உயர்வு கொடுத்ததில்லையே, அதற்கு முன்னுதாரணம் உண்டா என்று முதல்வர் கேட்டார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஜன்னல் பேராசிரியர் ஜன்னலைப் பார்த்தார்.

தற்காலிகம் நாற்காலியை மெதுவாகப் பின்னால் தள்ளினாள். உடனே எழுதிவிட்டார்கள்.