குழாய்க்குள் போன நாவல்

நான் ஒரே ஒரு நாவல் எழுதினேன். அதில் ஓர் அரசாங்கம் ஊருக்குச் சத்தத்தை அளந்து கொடுக்கும். காலையில் சங்கு ஊதினால் பேசலாம். மாலையில் சங்கு ஊதினால் வாயை மூடிவிட வேண்டும். கூரைக்குக் கூரை ஒரு கருவி ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கும். கைக்குழந்தை அழுவதற்குக்கூட முன்கூட்டியே மனுப் போட வேண்டும். தீபாவளிக்கு இத்தனை மணி முதல் இத்தனை மணி வரைதான் வெடி போடலாம் என்று உத்தரவு வந்த வருடம், எங்கள் வீட்டில் எல்லோரும் ஆர்டர் குறைந்துவிடுமே என்று கவலைப்பட்டார்கள். எனக்கு மட்டும் கதை வந்தது. என் புத்தி அப்படி.

எங்கள் வீடு சிவகாசியில். எம். புதுப்பட்டிப் பக்கம் என் கணவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் சேர்த்து ஒரு சின்னப் பட்டாசுக் கம்பெனி. காகிதத்தில் மூன்றாவது பங்குதாரராக என் பெயரும் உண்டு. ஆபீஸ் வேலையும் நான்தான். விதிகளைக் கேலி செய்கிறவள் இல்லை நான். ஓர் அறைக்கு இத்தனை பேர்தான், போனை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், கொலுசைக் கழற்ற வேண்டும் என்பதெல்லாம் எதற்கென்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். மீறினால் என்ன ஆகும் என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் உயிரைக் காக்கிற விதிக்குப் பழகிய கை, எந்த விதியைக் காட்டினாலும் கும்பிட்டுவிடுகிறது. அந்தப் பழக்கத்தின்மேல்தான் எனக்குக் கோபம்.

நாவலில் ஒரு பெண் வருவாள். சங்கு ஊதிய பிறகும் ஒரே ஒரு சொல் கூடுதலாகப் பேசிவிடுவாள். அவ்வளவுதான் அவள் குற்றம். அவளை விசாரிக்க வரும் அதிகாரிக்கு ஒரு மெல்லிய மீசையும், எதைக் கண்டாலும் ஸ்கேலை எடுத்து அளக்கும் வழக்கமும் கொடுத்திருந்தேன். எழுதும்போது நானே சிரித்துக்கொண்டேன்.

உறவுக்காரர் ஒருவருடைய அச்சகத்தில் கொடுத்து அடித்தோம். காலண்டர் சீசன் முடிந்து மெஷின் சும்மா கிடந்த நேரம். பக்கமெல்லாம் ஃபாரம் ஃபாரமாக, பெரிய தாள்களில் அச்சாகிவிட்டது. மடித்துத் தைத்து அட்டை போடுவது மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்து எங்கள் கம்பெனியின் லைசென்ஸ் புதுப்பிப்பு நின்றுபோனது. எங்களோடு மனுக் கொடுத்தவர்களுக்கெல்லாம் வந்துவிட்டது. எங்களுக்கு மட்டும் வரவில்லை. லைசென்ஸ் இல்லாமல் வெடிமருந்தைத் தொடக் கூடாது என்பதால் வேலையாட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிற பெண்கள் மட்டும் வந்துகொண்டிருந்தார்கள்.

விசாரித்துவிட்டு வர சூலக்கரைப் பக்கம் லைசென்ஸ் ஆபீசுக்குப் போன என் கணவர், முகம் செத்துப்போய்த் திரும்பினார்.

"அங்கன ஒருத்தர் கேட்டாரு, உங்க வீட்டம்மா என்ன பண்றாகன்னு."

"நீங்க என்ன சொன்னீக?"

"வீட்டுலதான் இருக்கான்னு சொன்னேன்."

"அதுக்கு அவரு?"

"சிரிச்சாரு. நான் வந்துட்டேன்."

நாவல் விஷயம் அங்கே தெரிந்துவிட்டதோ என்று அந்தச் சிரிப்பை வைத்து ஒரு வாரம் ஓட்டினோம். என்ன மாதிரிச் சிரிப்பு, உதட்டோடா, பல் தெரியவா என்று நான் கேட்டுக் கேட்டு அவர் எரிச்சலாகிவிட்டார். ஆமத்தூருக்கு ரோடு பிரிகிற விலக்கில் ஒரு ஜீப் நின்றதாகச் சொன்னார்கள். அது எங்களைப் பார்க்கத்தான் நின்றது என்று எனக்குத் தோன்றியது. யாரோ போன் பண்ணி, நான் ஹலோ சொன்னதும் வைத்துவிட்டார்கள். அச்சகத்து மெஷின்காரர் என்னைப் பார்த்து, "நல்லாருக்கீகளாக்கா?" என்று ஒரே நாளில் இரண்டு தரம் கேட்டார். இரண்டாவது தரம் எதற்கு? நாவலை முதலில் படித்திருக்கக்கூடியவர் அவர்தானே. அவர் முகத்தையே அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. பாவம், அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

கணவரின் அண்ணன் வீட்டுக்கு வந்தார். காப்பி வேண்டாம் என்றார்.

"ஏம்மா, அந்தப் புத்தகத்துல ஒரு ஆபீசர் வர்றாராமே?"

"கதைதானே அத்தான்."

"கதைன்னு நமக்குத் தெரியும். அவுகளுக்குத் தெரியுமா? மீசையெல்லாம் வச்சிருக்கியாமே."

"மீசை இல்லாத ஆபீசர் எங்க இருக்காக?"

"நான் நிறுத்தச் சொல்லல. நம்ம கம்பெனி கேட்டுக்குள்ள வர்றது எம்புட்டுக் குடும்பம்னு மட்டும் நினைச்சுப் பாரு."

நிறுத்து என்று அவர் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். எனக்கு வாய் உண்டு. இப்படிக் கேட்டால் என்ன செய்வது? என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சரி, விட்டுருவோம் அத்தான்" என்று நான்தான் சொன்னேன். சொன்ன கையோடு கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்தேன். அழித்ததோடு நிற்காமல் அதிலுள்ள குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். அதை யாருமே கேட்கவில்லை.

அச்சான தாளை என்ன செய்வது என்ற யோசனை வந்தது. எடைக்குப் போட்டால் எவனாவது சுண்டல் மடித்த தாளைப் படித்துவிடுவான். எரிக்கலாம் என்றால், தீக்குச்சி கிழிக்க எங்கள் ஆட்களுக்குக் கை வராது. எங்கள் ஊரில் அச்சகத்துக் கழிவுத் தாள் முழுவதும் வெடிக் குழாய் உருட்டத்தான் போகும். பள்ளிக்கூட நோட்டு, போன வருடத்துக் காலண்டர், தேதி மாறிப்போன கல்யாணப் பத்திரிகை எல்லாம் குழாயாகி, உள்ளே மருந்தடைத்து வடக்கே போகும். "நம்ம குழாய்க்கே உருட்டிருவோம். வெடிச்சுட்டா ஒரு எழுத்து மிஞ்சாது" என்றார் அத்தான். அதைவிடப் பத்திரமான இடம் இல்லை என்றுதான் மூன்று பேருமே நம்பினோம். பெண்கள் என் நாவலை நீளவாக்கில் வெட்டி, பசை தடவி, கம்பியில் சுற்றி உருவிப் போட்டார்கள். நான் ஆபீசிலேயே உட்கார்ந்துகொண்டேன். அழுகையாக வந்தது.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். என் கணவரும் அத்தானும் ஊரில் இல்லை. மனிதருக்கு மெல்லிய மீசை. பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். அறை அறையாகப் பார்த்தார். கதவின் அகலத்தை அளந்தார், மணல் வாளியை எட்டிப் பார்த்தார். கடைசியில் குழாய் கொட்டகை வாசலில் நின்று கேட்டார்.

"உங்க ஃபைல் ஏன் நிக்குதுன்னு நீங்க யாருமே கேக்கலையே?"

அவரே பதிலும் சொன்னார்.

"கம்பெனி வரைபடத்துல மூணாவது பக்கம் உங்க கையெழுத்து இல்லம்மா. பங்குதாரர் மூணு பேரு, கையெழுத்து ரெண்டு. உங்க வீட்டுக்காரர் வந்தப்போ, வீட்டம்மா என்ன பண்றாங்கன்னு கேட்டதுக்கு ஏதோ சொல்லிட்டு ஓடிட்டாராம். நின்னு கேட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

எனக்கு ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஒரு கையெழுத்து. அதைக் கேட்கப் பயந்து ஒரு புத்தகத்தையே உருட்டியிருக்கிறோம்.

அவர் பேசிக்கொண்டே ஒரு குழாயை எடுத்துக் கனம் அளந்தார். பசை காயாத குழாய். ஓரம் பிரிந்து அவர் விரலோடு வந்தது. இழுத்தார், முழுதாக விரிந்தது. மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"'சங்கு ஊதி ஓய்ந்த பிறகும் அவள் வாயை மூடவில்லை. இன்னும் ஒரு சொல் இருக்கிறது என்றாள்.'"

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அடுத்த குழாயைப் பிரித்தார். அது வேறு எங்கோ உள்ள பக்கம். இன்னொன்றையும் பிரித்தார்.

"தொடர்ச்சி இல்லையே. அந்தப் பொண்ணு என்ன சொன்னா?"

உருட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவள் சொன்ன சொல் எனக்கு மனப்பாடம். அதற்காகத்தான் அத்தனை பக்கமும் எழுதினேன். ஃபைல் எதனால் நின்றது என்றும் இப்போது தெரிந்துவிட்டது. இவருக்கு என் புத்தகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றும் தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்த மீசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதை கேட்கிறாரா, விசாரிக்கிறாரா?

"தெரியல சார். கழிவுப் பேப்பர்."

"யாரு எழுதினது?"

"யாரோ. எங்களுக்கு எப்பிடி சார் தெரியும்?"

"நல்லா எழுதியிருக்காங்க" என்றார். அந்தத் துண்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதற்கு வைத்துக்கொண்டார் என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.

பிறகு வரைபடத்தை விரித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். என் பெயரை முழுதாக, தெளிவாக எழுதிக் கொடுத்தேன்.